ஊசி போட்ட கண்ணில் புகைமூட்டம்: கிருமியா, சிரிஞ்சா?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்குச் சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்து, மதுரையில் கண்ணுக்குள் ஊசி போட்டோம். மறுநாள் வலி இல்லை, ஆனால் எல்லாம் புகையாகத் தெரிகிறது என்கிறார். மருந்து கெட்டுப்போனதா?"

முதலில் அம்மாவை இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், கட்டுரையை அப்புறம் படிக்கலாம். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் என்று யாராவது கிளம்பினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விழித்திரையின் இரத்தக்குழாய்களைக் கசிய வைக்கிற புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுகிற இன்னொரு புரதம்தான் அந்த ஊசிமருந்து. அளவு வெறும் 0.05 மில்லி. இந்த ஊசிமருந்துகளில் ஒன்றான அவாஸ்டின் 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது பெருங்குடல் புற்றுநோய்க்குத்தான், கண்ணுக்கு அல்ல. சரி, அது பழைய கதை.

எனக்குப் பிடித்த இடம் சிரிஞ்சு. பிஸ்டன் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று உள்சுவரில் சிலிகோன் எண்ணெய் பூசியிருப்பார்கள். ஊசி போடும் முன் காற்றுக்குமிழியை விரட்ட விரலால் டொக்டொக்கென்று சுண்டுவார்களே, அந்த அதிர்வில் எண்ணெய் பொடித்துளிகளாக உதிர்ந்து மருந்தில் கலந்துவிடுகிறது. கையில் போடும் ஊசி என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் புரதம் என்பது கொசுவம் வைத்துக் கட்டிய சுங்குடிச் சேலை மாதிரி, தண்ணீருக்கு ஆகாத பகுதிகளையெல்லாம் உள்ளே மடித்து வைத்திருக்கும். எண்ணெய்த்துளியைத் தொட்டதும் அந்தப் பகுதிகள் வெளியே திரும்பி எண்ணெயோடு ஒட்டிக்கொள்கின்றன, கொசுவம் அவிழ்கிறது, அவிழ்ந்தவை ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகின்றன. நம் நோயெதிர்ப்புச் செல்கள் இந்தக் கட்டியை அந்நியன் என்று நினைத்துக் கண்ணுக்குள் கூட்டம் போடுகின்றன, அந்தக் கூட்டம்தான் புகைமூட்டம். எல்லா அழற்சிக்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பிரேசில் ஆய்வாளர்கள் சிரிஞ்சுகளைச் சுண்டிப் பார்த்து எண்ணெய் உதிர்வதைக் காட்டியிருக்கிறார்கள். புது மருந்துக்குக் கோடிகளைக் கொட்டுகிறவர்கள் இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு ஏன் கையை இறுக்குகிறார்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

கிருமி புகுந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வலி, சிவப்பு, பார்வை சட்டென்று இறங்குவது எல்லாம் சேர்ந்து வரும். ஆனால் வலியே இல்லாமலும் அது தொடங்கலாம் என்பதால், சந்தேகம் வந்தால் டாக்டர் கிருமி என்றே வைத்துக்கொண்டு, கண்ணுக்குள்ளிருந்து கொஞ்சம் நீரெடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு வான்கோமைசின், செஃப்டாசிடைம் என்ற இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளை உள்ளே செலுத்துவார். வெறும் அழற்சி என்று தெரிந்தால் ஸ்டீராய்டு சொட்டு மருந்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். எண்ணெய் பூசாத சிரிஞ்சுகளும் இருக்கின்றன, அடுத்த ஊசிக்கு முன்னால் அதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.