றோசா நிறம் கேட்டால் நீலம் தரும் முட்டை

காதலர் தினத்துக்கு முட்டையில் வண்ணச் சிற்றுண்டி செய்ய நினைத்த உப்புவெளி வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “அவித்துக் கோது உரித்த முட்டைகளை ஊதாக் கோவா அவித்த தண்ணீரில் இரவு ஊறப் போட்டேன். றோசா நிறம் வரும் என்று பார்த்தால் காலையில் எல்லாம் நீலமாகிக் கிடக்கிறது. முட்டை பழுது, எறிந்துவிடு என்கிறார் மாமி. உண்மையாகவே பழுதா?”

பழுதில்லை. இரவு ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் தாராளமாகச் சாப்பிடலாம். அந்த நீலத்துக்குப் பின்னால் இருக்கும் சங்கதியோ, சமையலறையில் நடக்கும் இரசாயனத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

செய்முறை பலருக்கும் தெரிந்ததுதான். முட்டையை அவித்து இரண்டாக வெட்டி, மஞ்சட்கருவை எடுத்து வெண்ணெய், கடுகு விழுது, மிளகுதூள், பொடியாக அரிந்த பச்சை மிளகாய் சேர்த்து மசித்து, திரும்பக் குழியில் நிரப்புவது. வெள்ளைக்கருவை முதலே மரக்கறிச் சாயத்தில் ஊறவைத்தால் தட்டு கொண்டாட்டமாக இருக்கும். அவிப்பதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். வெள்ளைக்கரு ஏறத்தாழ 62 பாகை செல்சியசில்தான் இறுகத் தொடங்கும், மஞ்சட்கருவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும். கன்னியா வெந்நீரூற்றில் முட்டை அவியுமா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக் குளிக்கிற சூடு அது. ஏழு கிணற்றில் எதிலும் அவியாது.

சரி, நீலத்துக்கு வருவோம். ஊதாக் கோவாவில் இருப்பது அந்தோசயனின் என்ற நிறப்பொருள். அமிலம் கூடிய இடத்தில் இதன் மூலக்கூறு நேரேற்றத்தோடு இருக்கும், பச்சை ஒளியை உறிஞ்சும், நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும். அமிலம் குறையக் குறைய அது தன்னிடமுள்ள ஐதரசன் அயன்களை விட்டுக்கொடுக்கிறது. உடனே மூலக்கூறுக்குள் இலத்திரன்கள் பரவியிருக்கும் விதம் மாறிவிடுகிறது. இப்போது அது உறிஞ்சுவது மஞ்சளையும் செம்மஞ்சளையும், மிஞ்சி நம்மிடம் வருவது நீலம். இன்னும் காரமான இடத்தில் (உறைப்பைச் சொல்லவில்லை, அமிலத்துக்கு எதிரான தன்மை) மூலக்கூறின் ஒரு வளையமே திறந்து மஞ்சள் நிறப்பொருளாகிவிடும். அந்த மஞ்சள் மிச்ச நீலத்தோடு கலக்கும்போது பச்சை.

அப்படியென்றால் முட்டையில் காரம் எங்கிருந்து வந்தது?

நாம் சாப்பிடுகிற அநேகமாக எல்லாமே அமிலப் பக்கம் சாய்ந்தவை. புளி, தேசிக்காய், தயிர் தெரிந்த கதை. பாலும் மீனும்கூட நடுநிலைக்குச் சற்றுக் கீழேதான். வெள்ளைக்கரு மட்டும் மறுபக்கம் நிற்கிறது. ஆனால் கோழி இடும்போதே அது அவ்வளவு காரமாக இருப்பதில்லை. இட்டவுடன் அதன் பீஎச் பெறுமானம் (அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் அளவுகோல்: 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம்) ஏறத்தாழ 7.6. கோழியின் உடலுக்குள் இருந்தபோது அதில் கரைந்த காபனீரொட்சைட்டு, காபோனிக் அமிலமாக உள்ளேயே இருக்கிறது. வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு வெறும் 0.04 சதவீதம்தான். முட்டைக் கோதிலோ கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் 7,000 முதல் 17,000 வரை இருக்கின்றன. வாயு வெளியேறத் தொடங்குகிறது. அது போகப் போக உள்ளே அமிலம் குறைகிறது, சில நாட்களில் பீஎச் 9ஐத் தாண்டி 9.2 அளவுக்கு ஏறிவிடுகிறது. இந்த அளவுகோலில் ஒரு படி என்றால் பத்து மடங்கு. ஆகவே 7.6இலிருந்து 9.2க்குப் போவதென்றால் ஐதரசன் அயன்களின் செறிவு ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காகிறது. யாரும் எதையும் சேர்க்கவில்லை, முட்டை சும்மா தட்டில் இருந்தது, அவ்வளவுதான். நமது ஊர் வெக்கையில், கடையில் வெளியே அடுக்கிவைத்த முட்டையில் இது இன்னும் வேகமாக நடக்கும். அந்த வாசகியின் நீலத்துக்குக் காரணம் இதுதான்.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றுங்கள். ஊதாக் கோவாச் சாற்றை ஒரு தேக்கரண்டி அதன் நடுவில் விடுங்கள். விழுந்த இடம் முதலில் ஊதாவாகவே இருக்கும். ஓரங்களில் நீலம் கசியும், பிறகு அந்த நீலத்தின் விளிம்பு கடற்பாசிப் பச்சைக்குத் திரும்பும். கரண்டியால் கலக்கினால் முழுவதும் ஒரே நிறமாகிவிடும், ஆகவே கொஞ்ச நேரம் கலக்காமல் பாருங்கள். அப்புறம் ஒரு மூலையில் தேசிக்காய்ப் புளி பிழிந்தால் அங்கே மட்டும் றோசா பூக்கும்.

காபனீரொட்சைட்டு வெளியேறும் இதே கதைதான் கோது உரிப்பதையும் தீர்மானிக்கிறது. அன்று இட்ட முட்டையை அவித்தால் கோதோடு சேர்ந்து வெள்ளைக்கருவும் பிய்ந்து வரும், மேசைக்கு வைக்க முடியாது. பீஎச் 8.9ஐ அண்டினால் வெள்ளைக்கருவுக்கும் உட்சவ்வுக்கும் இடையேயான பிடி தளர்ந்துவிடும். புது முட்டையின் வெள்ளைக்கரு சற்றுப் பால்போலக் கலங்கியிருப்பதற்கும் கரைந்திருக்கும் அந்த வாயுதான் காரணம். சில நாள் போனால் அது தெளிந்துவிடும். ஆக, வண்ணச் சிற்றுண்டிக்கு ஒரு வாரம் கிடந்த முட்டையே நல்லது.

செடிகளின் சாறு அமிலத்திலும் காரத்திலும் நிறம் மாறுவதை 1664இல் விஞ்ஞானி ரொபேட் பொயில் வயலட் பூச்சாற்றை வைத்து எழுதினார். 1915இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர் காட்டியது இன்னும் அழகானது. காதலர் தினத்துச் சிவப்பு ரோசாவிலும், ஐரோப்பாவின் நீலக் கோர்ன்ஃபிளவர் பூவிலும் அடிப்படையில் இருப்பது ஒரே நிறப்பொருள், சயனிடின். அமிலமும் காரமும்தான் இரண்டையும் வேறுபடுத்துகின்றன என்று அவர் நினைத்தார். அந்தப் பூவில் உலோக அயன்களுக்கும் பெரிய பங்குண்டு என்பது பின்னர் தெரியவந்தது.

மாமி சொன்னதற்கு வருகிறேன். நிறம் மாறினாலே கூடாது என்ற பயம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஆலாத்தித் தண்ணீர் சிவப்பதை நாவூறோடு சேர்த்துப் பேசுகிறோம். மஞ்சளிலுள்ள குர்குமின் சுண்ணாம்பின் காரத்தில் சிவக்கிறது. இதுவும் கோவாச் சாற்றின் வகையறாதான். ஆலாத்தி எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுத்த கையோடு பிள்ளைக்குக் காரணத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அமிலமா காரமா என்று காட்டும் பாசிச்சாயத்தாள் முடிந்துவிட்டது என்று செய்முறை வகுப்பைத் தள்ளிப்போடும் பள்ளிக்கூடத்தில், கால்வாசி ஊதாக் கோவா ஒரு வகுப்புக்கே போதும். வேலியில் படரும் சங்குப்பூவின் நீலமும் அந்தோசயனின்தான். இப்படிப்பட்ட உள்ளூர்ச் சாயங்களைச் சூட்டிலும் வெளிச்சத்திலும் நிலைக்கச் செய்யும் ஆய்வுக்குக் கோடிகள் தேவையில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்கும் இரண்டு மாணவர்களுக்கு ஒரு சிறு நிதி கொடுத்தாலே வேலை தொடங்கும். அப்படிக் கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இனி, அந்த வாசகிக்கு றோசா நிறம் எப்படிக் கிடைக்கும்? பீட்றூட். அதிலுள்ள ‘பீற்றானின்’ என்ற நிறப்பொருள் அந்தோசயனின் குடும்பமே அல்ல. போகன்வில்லா, சிவப்பு முளைக்கீரை, நாகதாளிப் பழம் எல்லாவற்றிலும் இருப்பது பீற்றானினின் உறவுதான். இந்தக் குடும்ப நிறப்பொருளை உண்டாக்கும் செடி எதுவும் அந்தோசயனினை உண்டாக்குவதில்லை. பீற்றானின் பீஎச் 3இலிருந்து 7வரை நிறம் மாறாது. கொஞ்சம் வினாகிரி சேர்த்தால் முட்டையின் காரத்தையும் சமாளித்துவிடும். அதன் எதிரி சூடு. ஆகவே பீட்றூட் அவித்த தண்ணீரை நன்றாக ஆறவிட்டுத்தான் முட்டையைப் போட வேண்டும்.

சாயம் வெள்ளைக்கருவுக்குள் போவது பரவல் முறையில். இரண்டு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம் எடுக்கும். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் விளிம்பில் மெல்லிய கோடு மட்டும். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் ஊறினால், வெட்டும்போது வெளியே கடும் றோசா, உள்ளே வெள்ளை என்று அழகான வளையம் வரும். ஒரு நாளுக்கு மேல் விட்டால் நிறம் மஞ்சட்கரு வரைக்கும் போய்விடும், வினாகிரியில் வெள்ளைக்கருவும் இறப்பர்போல ஆகும். நீலம் வந்த முட்டைகளையும் எறியாமல் இவற்றோடு கலந்து அடுக்கலாம். மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரில் இன்னும் இரண்டை ஊறவையுங்கள், அதற்கும் வினாகிரி வேண்டும், இல்லாவிட்டால் செம்மஞ்சளுக்குத் திரும்பும். 14ஆம் திகதி பின்னேரம் விருந்து என்றால் 13ஆம் திகதி இரவு ஊறப் போட்டால் சரி. மஞ்சட்கருக் கலவையை மட்டும் கடைசி நேரத்தில் நிரப்புங்கள், முந்தினால் பீட்றூட் சாயம் அதற்குள்ளும் ஊறும். நிரப்பியபின் வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.