‘பேக்கப் இருக்கு சார், ரீஸ்டோர்தான் ஆகல’

இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது அழைப்பு அது. மற்ற மூன்றையும் பொறுத்துக்கொண்டேன். இதையாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஓர் அலுவலகத்தில் சர்வரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. வேறு கணினியில் கணக்கு மென்பொருளைப் போட்டு, வெளி டிஸ்க்கில் இருந்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்தார் கணக்காளர். ஒரு எரரும் வரவில்லை. நிம்மதியாக அன்றைய பில்களைப் பதியத் தொடங்கினார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு வாடிக்கையாளரின் லெட்ஜரைத் திறந்தபோதுதான், அதில் எட்டு மாதக் கணக்கு இல்லாதது தெரிந்தது.

டேட்டா எங்கும் போகவில்லை, அதே ஃபைலுக்குள்தான் இருந்தது. தினமும் ஒரே பெயரில் பேக்கப் எடுத்திருக்கிறார்கள். அந்த மென்பொருளின் டேட்டாவைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வர் பழையதை அழிக்காமல் அதன் பின்னாலேயே புதியதைச் சேர்த்துக்கொண்டு போகும். அதன் இயல்பே அதுதான். அந்த ஒரே ஃபைலில் 238 பேக்கப்கள் வரிசையாக இருந்தன. எந்த எண் வேண்டும் என்று சொல்லாவிட்டால் ரீஸ்டோர் முதலாவதைத்தான் எடுக்கும். ‘ரீஸ்டோர் ஹெடர்ஒன்லி’ கட்டளையில் பட்டியலைப் பார்த்து, கடைசி எண்ணைக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. ஆனால் பழைய டேட்டாவின் மேல் இரண்டு நாளாகப் பதிந்த பில்களை மறுபடி உட்கார்ந்து பதிந்தார்கள், அதுவும் எண் மோதாமல்.

‘தினமும் சக்ஸஸ்ஃபுல் என்றுதானே காட்டியது’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். காட்டும். எழுதி முடித்தேன் என்பதற்கு மேல் அந்தச் செய்திக்கு ஒரு பொருளும் கிடையாது. எழுதியதைத் திரும்பப் படிக்க முடியுமா, உள்ளே இருக்கும் கணக்கு சரியா என்றெல்லாம் அது பார்ப்பதே இல்லை. செக்சம் (டேட்டா கெடவில்லை என்று சரிபார்க்க உதவும் எண்) வைக்காமல் எடுத்தால், டேட்டாபேஸில் ஒரு பக்கம் கெட்டிருந்தாலும் அந்தக் கெட்ட பக்கத்தையும் அப்படியே நகலெடுத்துவிட்டு அதே ‘சக்ஸஸ்ஃபுல்’லைக் காட்டும். பேக்கப்பைச் சோதிக்கும் ‘வெரிஃபைஒன்லி’ கட்டளையை ஓட்டினேன் என்பவர்களுக்கும் சொல்கிறேன்: பேக்கப் முழுமையாக, படிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று அது பார்க்கும், உள்ளிருக்கும் டேட்டாவின் கட்டமைப்பைப் பார்க்காது. மாதம் ஒருமுறை வேறு பெயரில் ரீஸ்டோர் செய்து, கடைசி வவுச்சர் எண்ணையும் டிரையல் பேலன்ஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

எரர் வந்தால் நின்று படியுங்கள், தயவுசெய்து. ‘ஆக்சஸ் டினைடு’ வந்ததும் எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து பார்க்கிறார்கள். பேக்கப்பை எழுதுவது நீங்கள் அல்ல, எஸ்.க்யூ.எல். சர்வரின் சர்வீஸ் கணக்கு, அதாவது அந்த மென்பொருள் பின்னணியில் ஓடும் விண்டோஸ் பயனர் கணக்கு. ஃபோல்டர் அனுமதி அதற்குத்தான் வேண்டும். டேட்டாபேஸ் பயன்பாட்டில் இருக்கிறது என்றால், யாரோ மென்பொருளைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். எஸ்.க்யூ.எல். சர்வரின் 2019 பதிப்பில் எடுத்தது 2017-இல் ஏறாது, எத்தனை முறை முயன்றாலும். அதன் இலவச வகையான எக்ஸ்பிரஸில் 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் வரம்பு, அதைத் தாண்டியதை அங்கே ரீஸ்டோர் செய்ய முடியாது. பென் டிரைவில் இடம் இருந்தும் நகல் ஏறவில்லையா? அது ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் இருக்கும், அதில் 4 ஜிபி ஃபைல் நுழையாது.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டரை கிளவுட் சிங்க்கில் போட்டுவிட்டு அதை பேக்கப் என்று சொல்லாதீர்கள். இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். வெளி டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருப்பவர்களுக்கும் இதுதான்: ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிட்டுப் போகும்.

கடைசியாகக் கெஞ்சியே கேட்கிறேன். ரீஸ்டோர் பட்டனைத் தொடுவதற்கு முன், இப்போது இருப்பது எவ்வளவு உடைந்திருந்தாலும் அதை ஒரு நகல் எடுத்து வையுங்கள். டேட்டா இருக்கும் எம்.டி.எஃப்., அதன் லாக் இருக்கும் எல்.டி.எஃப். என்ற இரண்டு ஃபைல்களையும், எஸ்.க்யூ.எல். சர்வர் சர்வீஸை நிறுத்திவிட்டு. உடைந்ததிலிருந்து பாதிக் கணக்கை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். அதன் மேலேயே ரீஸ்டோர் செய்துவிட்டு வந்தவர்களுக்கு ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.

அப்புறம் இன்னொன்று. ரீஸ்டோர் ஆனதும் பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்று இரவு பதினோரு மணிக்கு அழைக்காதீர்கள். பல கணக்கு மென்பொருள்களில் பயனர் பட்டியலும் டேட்டாபேஸுக்குள்தான் இருக்கிறது. பேக்கப் எடுத்த நாளில் என்ன பாஸ்வேர்டு வைத்திருந்தீர்களோ, அதைப் போட்டுப் பாருங்கள்.