அழுகுணி ஆட்டம் ஆடியது யார்?

2013 நவம்பர் 30. பந்தைக் கையில் ஏந்தியும் ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், பரம வைரிகளான ஆபர்ன், அலபாமா கல்லூரி அணிகள் 28–28 என்று சமநிலையில் இருந்தன. கடிகாரம் ஓடி முடிந்துவிட்டது. அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் விடவில்லை. ஒரு நொடி பாக்கி இருக்கிறது என்று வாதாடினார். வீடியோவைப் பார்த்த நடுவர்கள் அந்த நொடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 57 கஜத்திலிருந்து அலபாமா உதைத்த பந்து கோல் கம்பத்தை எட்டவில்லை. பின்னால் காத்திருந்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் மறுகோடி வரை ஓடிவிட்டார். 34–28. கேட்டு வாங்கிய நொடியே அலபாமாவுக்கு எமனாயிற்று.

இரண்டு வாரம் முன்புதான், ஜார்ஜியா வீரர்கள் மீது பட்டுத் தெறித்த பந்து ஆபர்ன்காரர் கையிலேயே வந்து விழுந்து வெற்றி தேடித் தந்திருந்தது. ‘அதிர்ஷ்டக்கார அணி’ என்று ஊர் சொன்னதில் வியப்பில்லை.

அதிர்ஷ்டத்தை ஓரளவு எண்ணிப் பார்க்கலாம். ஒரு டச்டவுனும் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தொடுவது) அதையொட்டிய கூடுதல் முயற்சியும் சேர்ந்தால் அதிகபட்சம் 8 புள்ளிகள். வித்தியாசம் அதற்குள் அடங்கும் ஆட்டத்தை ஒரு தெறிப்போ நடுவரின் ஒரு விசிலோ புரட்டிவிடும். அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் ஆபர்ன் அப்படி ஆறில் சிக்கியது, ஆறிலும் வென்றது. நாணயத்தை ஆறு முறை சுண்டினால் ஆறும் தலையாக விழ 64இல் ஒரு வாய்ப்பு. அரிதுதான். ஆனால் கல்லூரிக் கால்பந்தின் முதல் நிலையில் 120க்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. அத்தனை பேரும் சுண்டினால், எந்தத் திறமையும் இல்லாமலே ஏறக்குறைய இரண்டு அணிகளுக்கு அந்தப் பெருமை வாய்த்துவிடும். மறுவருடம் அதே பயிற்சியாளர், ஆட்டத்தை நடத்தும் அதே முக்கிய வீரர் (குவார்ட்டர்பேக்). ஆபர்னுக்கு 8 வெற்றி, 5 தோல்வி. இதைச் சரிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரும்பகுதி, நாணயத்தின் இயல்பு.

விசில் விவகாரம் இன்னும் சிக்கல். நாணயத்துக்குக் கண் இல்லை, ரசிகருக்கு இருக்கிறது.

1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்ற இரண்டு அமெரிக்கக் கல்லூரிகளின் அணிகள் மோதின. பிரின்ஸ்டன் நட்சத்திரம் டிக் காஸ்மையருக்கு மூக்கு உடைந்தது. பிறகு டார்ட்மவுத் வீரர் ஒருவரின் கால் முறிந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹேட்லி கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் ஆட்டத்தின் படச்சுருளை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த தப்பு, பிரின்ஸ்டன் மாணவர்கள் கணக்கில் சராசரி 9.8, டார்ட்மவுத் மாணவர்கள் கணக்கில் 4.3. படம் ஒன்றுதான்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. களத்தில் 22 பேர் ஒரே சமயத்தில் முட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு மோதலும் சில நொடிகளில் முடிந்துவிடும். கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிவதோ, நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம்தான். அந்தக் கட்டைவிரலை எங்கே வைப்பது என்பதில் எதிர்பார்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ‘நம் ஆளை அடித்தவன் எவன்?’ என்று தேடுகிறவர் அடியைத்தான் காண்கிறார். அதே வேளையில் நம் ஆள் பிடித்து இழுக்கும் சட்டை, அந்த வட்டத்துக்கு வெளியே கலங்கலாகக் கடந்துபோகிறது.

அந்த ஆய்வில் ஒரு வேடிக்கை உண்டு. தங்கள் அணி முரட்டுத்தனமாக விதிமீறி ஆடியதாகக் கேள்விப்பட்டிருந்த டார்ட்மவுத் பழைய மாணவர் ஒருவர் படத்தைப் போட்டுப் பார்த்தார். அப்படி எதுவும் அவர் கண்ணில் படவில்லை. உடனே படத்தை அனுப்பியவர்களுக்குத் தந்தி அடித்தார்: முக்கியமான பகுதியை வெட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது; விடுபட்டதை விமானத் தபாலில் அனுப்புங்கள், ஒட்டுவதற்கான கருவி எங்களிடம் இருக்கிறது.