‘எந்த யூனிட்?’ என்று தொடங்கும் உதவி

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் சிலர் 1970 வாக்கில் நியூயார்க்கில் ஒன்றுகூடித் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசத் தொடங்கினார்கள். அப்போது அவர்களை வதைத்த பாதிப்புக்கு மருத்துவ நூலில் பெயர்கூட இல்லை. பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு, என்ற பெயர் 1980இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ‘வெட் சென்டர்’ என்ற ஆலோசனை மையங்களை அரசு திறந்துவிட்டது. இன்று அவை சுமார் 300. முன்னாள் படைவீரர் துறை மருத்துவமனைகளில் சம்பளத்துக்குப் பணிபுரியும் ‘பியர் ஸ்பெஷலிஸ்ட்’, அதாவது சக ஆதரவாளர், அந்தக் கூட்டங்களின் வழிவந்தவர்தான்.

அவரும் முன்னாள் படைவீரராக இருக்க வேண்டும். மனநோயிலிருந்தோ போதையிலிருந்தோ மீளும் பாதையில் குறைந்தது ஓராண்டு கடந்திருக்க வேண்டும். பயிற்சிச் சான்றிதழும் தேவை. நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் அவர் வேலையல்ல.

சிறுபான்மை வீரர்களுக்கு இது ஏன் கூடுதலாகத் தேவை? வியட்நாம் போர்க்களத்துக்குச் சென்ற ஆண்களிடம் 1980களில் அமெரிக்கா முழுவதும் நடந்த ஆய்வில், பி.டி.எஸ்.டி. ஹிஸ்பானியரில் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்தவர்கள்) 27.9 சதவீதம், கறுப்பினத்தவரில் 20.6 சதவீதம், வெள்ளையரும் மற்றவரும் சேர்ந்த பிரிவில் 13.7 சதவீதம். சண்டையில் அதிகம் சிக்கியது ஒரு காரணம். முகாமுக்குள்ளேயே பட்ட காயமும் உண்டு. 1968இல் கறுப்பின உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு, வியட்நாமில் இருந்த சில அமெரிக்க முகாம்களிலேயே அடிமைமுறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி ஏற்றப்பட்டது. அதைக் கண்ட கறுப்பின வீரர் “என் முதுகுக்குப் பின்னால் யாரையும் நம்ப மாட்டேன்” என்றால், அவசரத்தில் இருக்கும் மருத்துவர் ‘சந்தேக நோய்’ என்று குறித்துவிடக்கூடும். கறுப்பின நோயாளிகளுக்கு மனச்சிதைவு என்று தவறாக முடிவுகட்டுவது நன்கு பதிவான பிழை. “இது நோயறிகுறி அல்ல, அனுபவம்” என்று மருத்துவக் குழுவிடம் எடுத்துச்சொல்லக்கூடியவர் சக ஆதரவாளர்.

நீங்கள் சக ஆதரவாளர் என்றால், முதல் சந்திப்பில் நாற்காலியிலிருந்தே கவனம் தேவை. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார இவர்களில் பலரால் முடியாது. இடத்தை வந்திருக்கும் வீரரே தேர்ந்தெடுக்கட்டும். “என்ன நடந்தது?” என்று தொடங்கக் கூடாது. “எந்த யூனிட்? எந்த வருஷம்?” போதும். உங்கள் கதையைச் சொன்னால் இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள்; அதில் எப்படி மீண்டீர்கள் என்பது இருக்கட்டும், ரத்தக் காட்சிகள் வேண்டாம். குழுவாகப் பேசும்போதும் இதே விதிதான். ஒருவர் குண்டுவெடிப்பை விவரித்தால் எதிரே இருப்பவருக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும்.

நிறத்தை மட்டும் பார்த்து ஜோடி சேர்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அமெரிக்கப் பூர்வகுடிகளிலேயே நவஹோ வீரருக்கும் லகோட்டா வீரருக்கும் மொழி வேறு, சடங்கு வேறு. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் வீரருக்கு ஆண் ஆதரவாளர், அவர் அதே இனத்தவராக இருந்தாலும், பொருந்தாமல் போகலாம். வீரர் கணவர்தான் என்ற நினைப்பில் “கணவரோடு வந்தீர்களா?” என்று வரவேற்பு மேசையில் கேட்கப்பட்டதோடு திரும்பிப் போய்விடும் பெண்கள் இருக்கிறார்கள். எனவே தேர்வை வீரரிடமே விடுங்கள்: இனமா, பாலினமா, படைப்பிரிவா, போர்க்களமா, எது ஒத்துப்போக வேண்டும் என்று கேளுங்கள்.

நிர்வாகம் செய்யும் தவறு இன்னும் மோசம். சக ஆதரவாளரை வண்டி ஓட்டவும் தொலைபேசி எடுக்கவும் அனுப்புவது, அல்லது அரைகுறை மருத்துவராக்குவது. ஒரு மருத்துவமனையில் ஒரே ஒரு கறுப்பின ஆதரவாளர் இருந்தால் அத்தனை கறுப்பின வீரர்களின் பாரமும் அவர் தலையில் விழுகிறது. சில மாதங்களில் அவருடைய பழைய நோயே திரும்பக்கூடும். வாரம் ஒரு மணி நேரமாவது மேற்பார்வையாளர் அவரோடு உட்கார வேண்டும். நோயாளிகளின் எண்ணிக்கையைப் பற்றி மட்டுமல்லாமல், அவருடைய தூக்கத்தைப் பற்றியும் கேட்க வேண்டும்.

ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கும்போதே அதன் எல்லையையும் சொல்லிவிடுங்கள்: உயிருக்கு ஆபத்து என்றால் மருத்துவக் குழுவுக்குத் தெரிவிப்பேன் என்று. இதை மறைத்துப் பிறகு தெரிவித்தால், ஏற்கெனவே அமைப்பை நம்பாதவர் மறுபடி வரவே மாட்டார். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. அமெரிக்காவில் 988 அழைத்து 1ஐ அழுத்தினால் வீரர்களுக்கான நெருக்கடி உதவி எந்நேரமும் கிடைக்கும்.

அங்கே தற்கொலை செய்துகொள்ளும் முன்னாள் வீரர்களில் சுமார் பத்தில் ஏழு பேர் துப்பாக்கியால் இறக்கிறார்கள். “துப்பாக்கியை ஒப்படையுங்கள்” என்றால் பேச்சு அங்கேயே முறியும். “இந்த ஒரு மாதத்துக்குத் துப்பாக்கிப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கலாம்?” என்று சக வீரர் கேட்டால், பெரும்பாலும் ஒரு பெயர் வரும். அந்தப் பெயருக்கு உரியவரை, வீரர் எதிரிலேயே இருக்கும்போது, வீரரின் சம்மதத்தோடு அழைத்துப் பேசிவிடுங்கள்.