அண்டாவில் ஓட்டை, ஆனால் ஒழுகக் கூடாது

நாற்பது லிட்டர் பிடிக்கும் புது எவர்சில்வர் பாத்திரம். அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் அதில் 32 மி.மீ. அகலத்துக்கு ஓட்டை போட வேண்டும். அந்த ஓட்டை வழியாகக் கெய்சர் காயில் போன்ற ஒன்றை உள்ளே விட்டு, நட்டுப் போட்டு முடுக்க வேண்டும். உள்ளே பாகு மாதிரி ஒட்டும் திரவம் ஒரு மணி நேரம் கொதிக்கப்போகிறது. வெளியே, ஓரிரண்டு அங்குலம் தள்ளி, 240 வோல்ட் மின்சாரம். இரண்டுக்கும் நடுவில் காவல் நிற்பது ஒரு ரப்பர் வளையம்.

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, வயது வந்த இருவர் இருக்கும் வீட்டில் சொந்த உபயோகத்துக்கு ஆண்டுக்கு 200 கேலன் வரை மத்திய வரி இல்லாமல் காய்ச்சலாம். தமிழ்நாட்டில் அதற்கு இடமில்லை. ஆனால் காயிலும் வாஷரும் நம் வீட்டுக் கெய்சரிலும் இருக்கின்றன, அங்கே நடப்பதும் இதே பௌதிகம்தான்.

அடுப்பு இருக்க மின்சாரம் எதற்கு? அடுப்புத் தீயின் சூட்டில் கணிசமான பகுதி பாத்திரத்தைச் சுற்றிக் காற்றோடு போய்விடும். காயில் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதால், அதன் சூடு முழுவதும் தண்ணீருக்கே போகிறது. 25 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 84 லட்சம் ஜூல் வேண்டும். நம் வீட்டு 1500 வாட் ஹீட்டர் ராடு அதற்கு ஒன்றரை மணி நேரம் எடுக்கும். அவர்கள் போடும் 5500 வாட் காயில் 25 நிமிடத்தில் முடித்துவிடும்.

காயிலை அறுத்துப் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். நடுவில் சுருள் சுருளாக, மின்சாரத்தில் சூடேறும் நிக்ரோம் கம்பி. அதைச் சுற்றி இறுக்கி அடைத்த வெள்ளைப் பொடி, மெக்னீசியம் ஆக்சைடு. வெளியே உலோகக் குழாய். அந்தப் பொடிதான் கெட்டிக்காரப் பொருள்: சூட்டை நன்றாகக் கடத்தும், மின்சாரத்தை விடாது. ஒரே பலவீனம், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காயில் நீளமாகவும் மடிப்பு மடிப்பாகவும் இருப்பது நல்லது. அதே சூடு அதிகப் பரப்பில் பரவினால், மால்ட் (முளைகட்டிய பார்லி) சர்க்கரை காயிலில் ஒட்டித் தீயாது. பால் அடிப்பிடிக்கும் கதைதான்.

இப்போது ஒழுகல். வீட்டுக் குழாய் வேலை தெரிந்தவர் முதலில் எடுப்பது டெஃப்லான் டேப். இங்கே அது உதவாது. பைப்புகளில் பெரும்பாலும் வரும் மரை, 16 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. என்று கூம்பிப் போவது. முடுக்க முடுக்க மரையே மரையை அடைக்கும், டேப் மிச்ச இடுக்கை நிரப்பும். அமெரிக்கக் கெய்சர் காயிலில் இருப்பதோ கூம்பாத நேர் மரை. அது பிடித்து நிறுத்த மட்டும்தான்; தண்ணீரைத் தடுப்பது ரப்பரின் வேலை.

ரப்பர் எப்படித் தடுக்கிறது? அதை நசுக்கினால் கன அளவு குறையாது, பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்க இடமில்லாதபடி சின்னக் குழிக்குள் உட்கார வைத்தால், திரும்பிப் பழைய உருவுக்கு வரத் துடிக்கும். அந்தத் துடிப்புதான் அடைப்பு. 3.5 மி.மீ. தடிமனுள்ள ஓ-ரிங்கை, அதாவது அந்த ரப்பர் வளையத்தைக் கால்வாசி, அதாவது 0.9 மி.மீ. நசுக்கினால் போதும். குழியே இல்லாமல் பலம் கொண்ட மட்டும் ஸ்பானரைப் போட்டால் வளையம் ஒரு பக்கமாக நழுவி வெளியே வந்து நிற்கும். ஒழுகுகிறதே என்று இன்னும் முடுக்குகிறவர்தான் அதை முழுசாகக் கெடுக்கிறார். குக்கர் கேஸ்கட்டை நாம் முடுக்கியா வைக்கிறோம்?

அழுத்தம் ஒரு பிரச்சினையே இல்லை. 30 செ.மீ. தண்ணீர் அடியில் கொடுப்பது வளிமண்டல அழுத்தத்தில் மூன்று சதவீதம். உண்மையான எதிரி பாத்திரத்தின் வளைவு. 40 செ.மீ. விட்டமுள்ள பாத்திரத்தின் வெளிச்சுவரில் 40 மி.மீ. அகலத் தட்டை வாஷரை வைத்துப் பாருங்கள். மேலும் கீழும் சுவரைத் தொடும். இடமும் வலமும் சரியாக 1 மி.மீ. இடைவெளி நிற்கும். நாம் நசுக்க நினைத்ததே 0.9 மி.மீ.! ஆகவே பக்கங்களில் வளையம் சுவரை எட்டவே எட்டாது. ஓட்டையைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டித் தட்டையாக்குவது ஒரு வழி. தடித்த, மெத்தென்ற சிலிகான் வாஷர் இன்னொரு வழி. என்னைக் கேட்டால் தட்டையாக்குவதே மேல்.

அப்புறம் பிசிறு. துளை போட்டதும் விளிம்பில் விரல் வைத்தால் கீறும். அந்தப் பிசிறு ரப்பரில் மயிரிழைக் கோடு போட்டால் போதும், தண்ணீருக்கு வாய்க்கால் கிடைத்துவிட்டது. அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். எவர்சில்வரில் ட்ரில்லை வேகமாக ஓட்டினால் சூடேறி, உலோகம் இறுகி, முனைதான் மழுங்கும். மெதுவாக, அழுத்தி, எண்ணெய் விட்டு.

வளையம் உள்பக்கமா வெளிப்பக்கமா என்றால் உள்பக்கம்; வளைவின் தொல்லை அங்கும் உண்டு. வெளியே வைத்தால் இனிப்பான திரவம் மரை இடுக்குக்குள் போய்த் தங்கிப் புளிக்கும்.

சொட்டுச் சொட்டாகத்தானே ஒழுகுகிறது என்று விடவும் முடியாது. அந்த ஈரம் வயர் இணைப்புப் பெட்டிக்குள் போனால், காயிலின் முனை வழியாக வெள்ளைப் பொடி அதை உறிஞ்சும். மின்சாரம் குழாய்க்கும், குழாயிலிருந்து பாத்திரத்துக்கும் கசியும். எர்த் வயரைப் பாத்திரத்தோடு கட்டாயம் இணைப்பது இதற்காக. அப்படிக் கசிந்தால் அமெரிக்காவில் 5 மில்லி ஆம்பியரிலேயே கரண்டை வெட்டும் கருவி உண்டு. நம் வீட்டில் அதே வேலையைச் செய்யும் ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் ரகம்.

சரி, சோதிப்பது எப்படி? முதலில் மின் இணைப்பே கொடுக்காமல் பச்சைத் தண்ணீர். பிறகு வெறும் தண்ணீரைக் கொதிக்க வைப்பது. காயில் தண்ணீருக்கு மேலே தெரிந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது. தண்ணீர் இல்லாமல் சில விநாடிகளில் அது சிவந்து வெந்துபோகும். பலர் இந்தக் கொதிச் சோதனையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் சிலிகான், இரும்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரியும் பொருள். கொதிக்கும்போது அது தானாகவே இறுகிக்கொள்ளும், ஆறும்போது சுருங்கி விடுபடும். கொதியில் கெட்டியாக இருந்த மூட்டு நடு ராத்திரியில் சொட்டும். அதனால் பாத்திரத்துக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, தண்ணீரைக் கொட்டாமல், காலை வரை அப்படியே விட்டுவைக்கிறார்கள்.