கம்ப்ரஷன் சரி, மிஸ்ஸிங் ஏன்?

பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினை முழுதாகப் பிரித்து, புது பிஸ்டனும் ரிங்கும் மாட்டிக் கட்டிய பிறகும் அது மிஸ்ஸிங் ஆகி (சிலிண்டரில் எரிதல் இடையிடையே தவறி), கார்புரேட்டர் வழியே ‘டப் டப்’ என்று திருப்பி அடித்தால், பெங்களூரு அல்சூர்ப் பட்டறைகளில் முதலில் கை போவது பிளக்குக்கும் டைமிங்குக்கும்தான். அவை சரியென்றால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வரும். இந்நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு. சென்னையில் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு காட்டும் இன்ஜின் இங்கே 135 காட்டினால் அது குறையாகாது. நான்கு சிலிண்டர்களும் ஒத்துப்போகின்றனவா என்பதையே பார்க்க வேண்டும்.

ஒத்துப்போயும் கோளாறு நீடித்தால், வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்டில், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வைத் திறக்கும் மேடு (கேம்) தேய்ந்துபோயிருக்கலாம். கம்ப்ரஷன் கேஜ், மூடிய வால்வுகள் கசிகின்றனவா என்பதைத்தான் சொல்லும். திறக்க வேண்டிய வால்வு போதிய அளவு திறக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. வால்வை இயக்கும் பாகங்களுக்கிடையே விடும் சிறு இடைவெளியான டேப்பட் கேப்பும் காட்டிக்கொடுக்காது, ஏனெனில் மேட்டுக்கு எதிர்ப்புறம், தேயாத பக்கத்தில்தான் அதை வைக்கிறோம்.

இந்த இன்ஜினில் 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரே இன்லெட் வழி. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால், இரண்டாவது சிலிண்டர் காற்றை இழுத்து முடிக்கும் தறுவாயில் முதலாவதன் இன்லெட் வால்வு திறக்கிறது. முதலாவதில் வெளியேற வழியின்றி அடைபட்ட புகை அப்போது பொதுவழியில் பீறிட்டு, கார்புரேட்டரையும், இன்னும் மூடாத இரண்டாவது சிலிண்டரையும் சென்றடைகிறது. பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் இரண்டுமே சோர்ந்து தெரிவதால், சிலிண்டர்களுக்கும் மேல் மூடிக்கும் நடுவே அமரும் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம் விழுகிறது. ஆனால் இரு சிலிண்டர்களுக்கும் இடையில் கேஸ்கெட் போயிருந்தால் அந்த இரண்டிலும் கம்ப்ரஷன் விழுந்திருக்க வேண்டும்.

வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கரில், அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராட் பக்கத்து முனையில், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் முள்ளை வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றி, எட்டு மேடுகளின் ஏற்றத்தையும் ஒப்பிட்டால் ஐயம் தீரும். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் புஷ்ராடை எடுத்தால், கேம் மேட்டின் மேல் உரசி ஓடும் டேப்பட்டை ஹெட்டைத் தொடாமலே வெளியே எடுக்கலாம். நன்றாகச் சுழன்று ஓடிய டேப்பட்டின் அடியில் வட்டமான மினுக்கம் இருக்கும்; சுழலாமல் நின்றதன் அடியில் நேர்க்கோட்டில் ஒரு பள்ளம் விழுந்து, ஓரங்களில் பொடிப்பொடியாகக் குழி தெரியும்.

பழைய டேப்பட்டுகளை இடம் மாற்றிப் போடுவது இதற்கு முக்கியக் காரணம். ஒரு மேட்டோடு பழகிய டேப்பட் இன்னொரு மேட்டை அரித்துவிடும். எண்ணெயும் காரணமாகலாம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காக்க, 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் எண்ணெய்த் தரம் 5டபிள்யூ-30 போன்ற இளக்கமான எண்ணெய்களில் பாஸ்பரஸை 0.08 விழுக்காட்டுக்குள் அடக்கியது. டேப்பட்டும் கேமும் நேராக உரசும் பழைய இன்ஜினுக்கோ துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த அந்தத் தேய்மானத் தடுப்புப் பொருள் கூடுதலாகத் தேவை.

புது கேமுக்குப் புது டேப்பட்டுகளே போட வேண்டும். முதல் 20 நிமிடம் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம் அளவில் ஓட்டினால்தான் தெறிக்கும் எண்ணெய் கேமுக்குப் போதிய அளவு சென்று சேரும். அதற்கு முன் ஆயில் சம்ப்பை இறக்கிக் கழுவி, பேரிங்குகளையும் பார்த்துவிடுவது அவசியம், ஏனெனில் தேய்ந்த மேட்டின் இரும்புத்தூள் முழுவதும் அந்த எண்ணெயில்தான் கலந்திருக்கும்.