தாத்தாவின் துப்பாக்கி, பேரன் மேல் வழக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்து மலையோர ஊர்களிலிருந்து ஆயுதச் சட்ட வழக்கு என்று வக்கீலான என்னிடம் வருகிறவர்களில் ரவுடிகள் குறைவு. பெரும்பாலும் விவசாயிகள். பரணிலோ மாட்டுக்கொட்டகைக் கூரையிலோ கிடந்த ஒரு நாட்டுத் துப்பாக்கியைப் போலீஸ் எடுத்திருக்கும். "எங்க தாத்தா காலத்துதுங்க சார், லைசென்ஸ் இருக்கு" என்று கரையான் தின்றது போக மிஞ்சிய உரிமப் புத்தகத்தை நீட்டுவார்கள். பிரித்துப் பார்த்தால் தாத்தாவின் பெயர், துப்பாக்கி எண், எதற்காக என்ற இடத்தில் பயிர்ப் பாதுகாப்பு, கடைசியாகப் புதுப்பித்த முத்திரை எண்பதுகளில். தாத்தா போய்ச் சேர்ந்தே பல வருஷம் ஆகியிருக்கும். உரிமம் ஆளுக்குத்தான், துப்பாக்கிக்கு இல்லை. ஆள் இறந்த பிறகு அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு யாரும் தப்ப முடியாது. இது தெரியாமல்தான் பாதிப்பேர் கோர்ட் வாசலுக்கு வருகிறார்கள்.

இந்தத் துப்பாக்கிகள் எப்படிச் சட்டப்படி நம் வீடுகளுக்கு வந்தன, எப்படிச் சட்டவிரோதமாக மாறின என்பது நீண்ட கதை.

பாளையக்காரர் காலத்தில் தென்மாவட்டங்களில் ஆயுதம் என்பது ஊர்க்காவலோடு சேர்ந்தது. ஈட்டியும் துப்பாக்கியும் வைத்திருக்க யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாறிலும், 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரிலும் தூக்கிலிட்ட பிறகு, அதே 1801 டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்களின் ஆட்களும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகள் தரைமட்டமாக்கப்படும். இந்தியா முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே, நம் மண்ணுக்கென்று போடப்பட்ட ஆயுதத் தடை இது. நோக்கம் பொதுமக்களின் பாதுகாப்பு இல்லை, இனி ஒருவன் எதிர்த்து நிற்கக்கூடாது என்பதுதான்.

1857 கலகத்துக்குப் பிறகு அதே பயம் நாடு முழுக்கப் பரவி, 1860இல் ஒரு சட்டமும், 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் முழு மூச்சான ஆயுதச் சட்டமும் வந்தன. (அதே ஆண்டில்தான் அவர் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயையும் கட்டினார்.) இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய இந்தச் சட்டத்தைத்தான் ஆங்கிலேய ஆட்சியின் கேடுகளிலேயே மிகக் கறுப்பானதாக வரலாறு பார்க்கும் என்று 1918இல், அகிம்சை பேசிய காந்தியே எழுதினார். கர்நாடகத்தின் குடகு மக்களுக்கு மட்டும் அப்போதே தனிச் சலுகை கிடைத்தது. அந்த விலக்கு 1959 சட்டத்தின் கீழும் தொடர்ந்து, 2019இல் மத்திய அரசு அதை இன்னும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்திருக்கிறது. ஓசூர்ப் பக்கத்தில் "குடகுல லைசென்ஸே வேணாமாம்ல?" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அது குடவ இனத்தாருக்கும், ஜம்மா நிலம் (அங்கே பரம்பரையாக வரும் மானிய நிலம்) வைத்திருப்பவர்களுக்கும் அரசு அறிவிப்பாணை மூலம் கொடுத்தது. அதைக் காட்டி நாம் தப்ப முடியாது.

1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில் ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் அடிப்படை உரிமைகளில் ஒன்றாக இருந்தது. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத் அதை அரசியல் சட்டத்திலேயே சேர்க்கச் சொன்னபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. அவர் செய்தது சரி என்பதுதான் என் கருத்து. ஒவ்வொரு வீட்டிலும் துப்பாக்கி இருந்திருந்தால் சாதிச் சண்டைகளில் யார் கையில் அது இருந்திருக்கும், யார் மார்புக்கு நேரே நீண்டிருக்கும் என்பதை நம் ஊர்களில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் வந்ததுதான் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தின் இறுக்கத்தைத் தளர்த்தப் பார்த்த சட்டம் இது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக்கூடாது என்கிறது 14ஆவது பிரிவு. பயிரைக் காப்பாற்ற, குழலின் வாய்வழியாக வெடிமருந்து கிட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க 13ஆவது பிரிவு நேரடியாகவே வழி செய்கிறது. கருமருந்தைக் கொட்டி, நாரை அடைத்து, ஈயக்குண்டைப் போட்டு, கம்பியால் இடிக்கிற அதே நாட்டுத் துப்பாக்கிதான். நம் தாத்தாக்கள் கைக்கு இப்படித்தான் உரிமம் வந்தது, முறையாக வந்தது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைக் கட்டுப்படுத்தியது. ஒரு பகுதியைச் சரணாலயமாக அறிவித்தால், அதற்குள்ளேயோ 10 கிலோமீட்டர் சுற்றளவிலோ குடியிருந்து துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் அதைப் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. இப்படியொரு பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாது. துப்பாக்கிக்கு வேலை குறைந்தது, புதுப்பிக்க கலெக்டர் ஆபீசுக்கு அலைய ஆளில்லை, தாத்தா இறந்தார், துப்பாக்கி பரணுக்குப் போனது. இதில் குற்ற எண்ணம் எங்கே இருக்கிறது? ஆனால் சட்டம் அதைக் கேட்காது.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம் வேறு. முன்பு இது 1 முதல் 3 ஆண்டு வரைதான். இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது ஊர்க் கொல்லர்கள் நிலை. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் விற்பதும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதும் இப்போது குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். தெரிந்தவர் கேட்டார் என்று துப்பாக்கியின் குதிரையை (விசையை) சரிசெய்து கொடுக்கிறவருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

"ரொம்பப் பழசு, சுடவே சுடாது" என்பது அடுத்த சமாதானம். பழைய மாதிரி, தொன்மை மதிப்புள்ளது, பழுதானது ஆகியவற்றுக்கு 45ஆவது பிரிவில் விலக்கு உண்டுதான், ஆனால் ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது என்கிற நிலையில் அது இருக்க வேண்டும். துருப்பிடித்த குழாயைத் தடயவியல் நிபுணர் துடைத்துப் பார்த்து, சுடும் நிலையில் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. வழக்கு என்று வந்துவிட்டால் நாங்கள் பார்க்கிற இடங்கள் வேறு. துப்பாக்கி அங்கே இருப்பது அவருக்குத் தெரியுமா, அது அவர் கட்டுப்பாட்டில் இருந்ததா (1972இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது), 39ஆவது பிரிவின்படி வழக்குத் தொடரப் போலீஸ் மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்கியதா என்பவை. இவை வாதாடும் வழிகள், வழக்கே வராமல் தடுக்காது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் பன்றி விரட்டக் கேட்டார் என்று உரிமம் உள்ள துப்பாக்கியைக் கொடுத்தனுப்பினால் கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே மாட்டுவார்கள். காட்டுப்பன்றித் தொல்லை உண்மை, ஒரே ராத்திரியில் நிலக்கடலைக் கொல்லை நாசமாவதைப் பார்த்தவர்களின் கோபமும் நியாயம். ஆனாலும் சுடும் அதிகாரம் விவசாயி கையில் இல்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம் என்று 2025இல் தமிழக அரசு முடிவெடுத்தபோதும், அந்த வேலையை வனத்துறையிடம்தான் கொடுத்தது. அவுட்டுக்காய் (தீனிக்குள் ஒளித்து வைக்கும் நாட்டு வெடி) வைப்பது இன்னும் மோசம், அது வெடிபொருள் சட்டத்துக்குப் போய்விடும்.

சரி, வீட்டில் பழைய துப்பாக்கி ஒன்று இருக்கிறது, இப்போது என்ன செய்ய? 21ஆவது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. உரிமதாரர் இறந்தாலோ உரிமம் காலாவதியானாலோ தேவையில்லாத தாமதம் செய்யாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். வாரிசு பிறகு தன் பெயரில் உரிமம் வாங்கினால் திரும்பப் பெறலாம், இல்லையென்றால் குறித்த காலத்துக்குள் முறையாக விற்கலாம், இரண்டும் நடக்காவிட்டால் அரசுக்குப் போகும். பல வருஷம் தாமதமாகிவிட்டது என்றால் தனியாகப் போகாமல் ஒரு வக்கீலையோ ஊர்ப் பெரியவரையோ கூட்டிக்கொண்டு, இறப்புச் சான்றிதழையும் பழைய உரிமப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, எழுத்து மூலம் மனுவோடு போங்கள். மனு நகலில் முத்திரையும், ஒப்படைத்ததற்கு ரசீதும் வாங்காமல் திரும்பாதீர்கள். மலையோர மாவட்டங்களில் போலீசும் வனத்துறையும் அவ்வப்போது கெடு வைத்து, தாங்களாக ஒப்படைப்பவர்கள் மேல் வழக்கு இல்லை என்று அறிவிப்பதுண்டு. அந்த அறிவிப்பு வரும்போது பயன்படுத்திக்கொள்ளுங்கள். ராத்திரியில் கொண்டுபோய் ரோட்டோரம் போட்டுவிட்டு வருவது வேண்டாம், அதை ஒரு பிள்ளை எடுத்து விளையாடினால் என்ன ஆகும்?

உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி அவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி 25 ஆண்டுகளாக அவரிடம் இருந்தாலோ வாரிசு பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். வாரிசுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை அப்பா இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். சொத்துத் தகராறு ஆரம்பித்த பிறகு அந்தக் கையெழுத்து கிடைக்காது.